மின்சார கார் வாங்கும்போது குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள்

கார் வாங்கப் போனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் செய்வது கதவைச் சாத்திப் பார்ப்பதுதான். ‘டப்’ என்று கனமாகச் சத்தம் வந்தால் பில்டு குவாலிட்டி பிரமாதம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்து பானெட்டை விரலால் அமுக்கிப் பார்ப்போம். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் ஓடுகிறதா என்று பார்ப்போம். சந்து பார்ப்பது நல்லதுதான். அது சீராக இருந்தால் தொழிற்சாலையில் அளவு பிசகாமல் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். கதவுச் சத்தத்தை நம்பி மட்டும் எதையும் தீர்மானிக்க வேண்டாம். ரப்பர் பீடிங், பூட்டின் அமைப்பு, கதவுத் தகட்டின் உட்புறம் ஒட்டும் அதிர்வு தாங்கும் பட்டை இவற்றைக் கொண்டு அந்தச் சத்தத்தை வேண்டிய மாதிரி வரவழைத்துவிடலாம்.

மோதல் சோதனையில் கிடைக்கும் நட்சத்திரங்கள் புது வண்டியின் பலத்தைச் சொல்கின்றன. பத்து வருஷம் கழித்தும் அந்தத் தகடு அதே பலத்தோடு இருக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் தரைக் கார்ப்பெட்டுக்கு அடியிலும், கதவின் கீழ் மடிப்பிலும், கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதிக்குள்ளும் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ரன்னிங் போர்டு என்பார்கள். துருவை எதிர்த்துக் கார் கம்பெனி என்ன செய்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

மின்சார காருக்கு இது ஏன் கூடுதல் முக்கியம்? பெட்ரோல், டீசல் வண்டியில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் என்று தேய்கிற சாமான்கள் நிறைய. பாடி பழுதாகும் முன்பே இன்ஜின் செலவு வைத்து வண்டியை விற்க வைத்துவிடும். மின்சார மோட்டாரில் சுழலும் பாகங்கள் சொற்பம். பேட்டரிக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலாகத் தரப்படும் வாரண்டி. அப்படி ஓடக்கூடிய மோட்டாரையும் பேட்டரியையும் அவ்வளவு காலமும் பாடி தாங்கியாக வேண்டும். போதாக்குறைக்கு, காரிலேயே விலை அதிகமான சாமானாகிய பேட்டரி, ரோட்டுக்கு மிக அருகில், தரைக்கு அடியில் போல்ட் போட்டுத் தொங்குகிறது.

‘செட்டிநாடு வறண்ட பூமி, இங்கே எங்கே துரு?’ என்று கேட்பவர்கள் உண்டு. காரைக்குடியில் காற்றில் உப்பு குறைவு என்பது சரிதான். ஆனால் கார் ஊருக்குள்ளேயே நிற்பதில்லை. தேவகோட்டை தாண்டிக் கிழக்கே போனால் தொண்டிக் கடல். அமாவாசைக்குக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ராமேஸ்வரம். மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிஷம் நின்றாலே கண்ணாடியில் பிசுபிசுப்பு படியும். அது உப்பு. அந்த உப்போடு வீடு திரும்பும் வண்டி, அடுத்த மழை வரும்வரை அதைச் சுமந்துகொண்டு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும். சில ஊர்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதிலேயே வண்டியைக் கழுவுவார்கள். இன்னொன்று நம்ம பக்கத்துக்கே உரியது: சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிற குடும்பங்கள், கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் வந்தால் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஊர் வீட்டில் ஒரு காரை மாதக் கணக்கில் பூட்டி வைக்கும் பழக்கம். ஓடாத வண்டிக்குத் துரு சீக்கிரம் வரும்.

உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள், பாலிசிலாக்சேன் என்ற விசேஷப் பூச்சு பூசினார்கள், இணைப்புகளை முழுவதும் வெல்டிங் செய்து சந்து இல்லாமல் மூடினார்கள். கடைசியாகச் சொன்ன அந்தச் சந்து விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காருக்கும் அதுதான் தலைவலி.

துரு பிடிப்பது எப்படி

துரு என்பது உண்மையில் ஒரு குட்டி பேட்டரியின் வேலை. தகட்டின் மேல் ஈரம் படிகிறது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே பக்கத்து இடத்துக்கு ஓடி, நீரில் கலந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்கின்றன. சுற்று முழுமையாகிவிடுகிறது. பேட்டரிக்குள் நடப்பதும் இதே வேதியியல்தான். அங்கே ஓடும் எலக்ட்ரானை வயர் வழியாக வெளியே எடுத்து மோட்டாரைச் சுற்றுகிறோம். இங்கே அது தகட்டுக்குள்ளேயே ஓடி வீணாகிறது, தகடு கரைகிறது. சுத்தமான நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. உப்புக் கலந்தால் நன்றாகப் பாயும். அதனால்தான் கடலோரத்தில் துரு வேகமாகப் பிடிக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடத்தைவிட, கிடைக்காத இடத்தில்தான் இரும்பு கரையும். மட்கார்டின் உள்விளிம்பில் செம்மண் அப்பிக் காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்கிறது என்று வையுங்கள். மண்ணுக்கு வெளியே உள்ள தகட்டுக்குக் காற்று கிடைக்கும். மண்ணுக்கு அடியில் கிடைக்காது. ஒரே தகட்டில் இப்படி வித்தியாசம் ஏற்பட்டாலே போதும், அந்தக் குட்டி பேட்டரி ஓட ஆரம்பிக்கும், மண்ணுக்கு அடியில் குழி விழும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் சந்திலும் இதே கதை. எனவே ‘மண் தானே, காய்ந்தால் உதிர்ந்துவிடும்’ என்று விடக்கூடாது.

துரு, அது உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயிண்டுக்கு அடியில் கிளம்பிய துரு பெயிண்டைத் தள்ளிக் கொப்புளமாக்கும். வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால், பெரும்பாலும் உள்ளிருந்து தொடங்கியது வெளியே எட்டிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். பாடித் தகட்டின் கனம் 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். தின்றுபோக அதிகம் இல்லை.

இந்த இடத்தில் நம்ம ஊர் சிக்ரியைச் சொல்லியாக வேண்டும். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் என்பது முழுப் பெயர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், தை பிறக்கும் நாளில், ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி ஆராய்ச்சி, துரு ஆராய்ச்சி இரண்டும் அங்கே ஒரே வளாகத்தில் நடக்கின்றன. இந்தியாவில் எந்தப் பகுதியில் எவ்வளவு வேகமாக உலோகம் அரிக்கும் என்று காட்டும் அரிமான வரைபடத்தைத் தயாரித்ததும் அவர்கள்தான். மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்கும் களமும் அவர்களுக்கு உண்டு. மின்சார காரின் இரண்டு பெரிய கவலைகளுக்கும் ஆராய்ச்சிக்கூடம் காரைக்குடியில் இருக்கிறது என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமை. பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் காட்ட வேண்டும்.

தகட்டின் மேல் என்னென்ன இருக்கிறது

முதல் பாதுகாப்பு துத்தநாகம். எஃகுத் தகடு மில்லிலிருந்து வரும்போதே அதன் மேல் மெல்லிய துத்தநாகப் பூச்சு இருக்கும். கால்வனைஸ்டு தகடு என்று கடைகளில் கேட்கிறோமே, அதன் நுட்பமான வடிவம். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம் துத்தநாகம். ஆகவே கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அது தீரும்வரை இரும்புக்கு ஆபத்தில்லை. 1970-களில் ஐரோப்பிய கார்களே சில வருஷத்தில் ஓட்டையாகிப் போவது சகஜமாக இருந்தது. 1976 மாடலில் போர்ஷே 911-க்குத் துத்தநாகம் பூசிய தகடு வந்தது. 1985-ல் ஆடி 100-க்கு முழு பாடியும் அப்படி வந்தது. அதன் பிறகுதான் 12 ஆண்டுவரை துருத்துளைக்கு வாரண்டி தரும் துணிச்சல் கம்பெனிகளுக்கு வந்தது. அந்த வாரண்டிகளில் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு: உள்ளிருந்து அரித்துத் தகடு துளைபட்டால்தான் செல்லும், மேலே துரு தெரிந்தால் மட்டும் செல்லாது.

துத்தநாகத்துக்கு மேலே பாஸ்பேட் குளியல். நுண்ணிய படிகங்கள் தகட்டில் படிந்து, அடுத்து வரும் பெயிண்ட் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பைத் தரும். இதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். அடுத்து வருவதில்தான் விஷயம் இருக்கிறது.

வெல்டிங் முடிந்த முழு கார் பாடியையும், கதவு, பானெட் எல்லாம் மாட்டியபடி, பெயிண்ட் நிறைந்த ஒரு பெரிய தொட்டிக்குள் அப்படியே முக்குகிறார்கள். தொட்டியில் பெரும்பகுதி தண்ணீர். பெயிண்ட் துகள்கள் பாசிடிவ் மின்னேற்றத்தோடு அதில் மிதக்கும். பாடியை நெகடிவ்வில் இணைத்து 200, 300 வோல்ட் கொடுத்ததும் துகள்கள் நாலாபக்கமிருந்தும் தகட்டை நோக்கி ஓடிவந்து ஒட்டும். முதலில் வெளிப்புறத் தகட்டில் படியும். படிந்த பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அந்த இடத்தில் மின்சாரம் குறைந்து, இன்னும் பெயிண்ட் படியாத இடத்தைத் தேடிப் போகும். மடிப்பு, மூலை, பெட்டிக்குள் என்று ஸ்ப்ரே துப்பாக்கி எட்டவே முடியாத இடங்களுக்குள் பெயிண்ட் தானாக நுழைந்து படிவது இப்படித்தான். சில நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு 170 டிகிரி அளவில் அடுப்பில் சுடுவார்கள். பூச்சின் கனம் சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. எலக்ட்ரோ கோட்டிங் என்பது தொழிற்சாலைப் பெயர். ஷோரூமில் நாம் மயங்கும் பளபளப்பெல்லாம் இதற்கு மேலே வருகிற அழகு. காரின் ஆயுளைக் காப்பது இந்த மங்கலான சாம்பல் பூச்சுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முழுக்க மூடிய இரும்புப் பெட்டிக்குள் மின்புலம் எட்டாது; தொட்டித் திரவம் உள்ளே போகவும் வழி வேண்டும், வடியவும் வழி வேண்டும். அதற்காக பாடியெங்கும் ஓட்டைகள் வைக்கிறார்கள். எந்தப் பெட்டிக்கு எத்தனை ஓட்டை, எங்கே, எந்த அளவில் என்பதைக் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். பெயிண்ட் முடிந்த பிறகு சில ஓட்டைகளை ரப்பர் மூடியால் அடைப்பார்கள். சிலவற்றை வேண்டுமென்றே திறந்து விடுவார்கள்.

அப்புறம் சந்துகள். கார் பாடியில் ஆயிரக்கணக்கான வெல்டிங் புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு தகடு சேரும் இடம். அந்த ஓரங்களில் சீலர் என்ற பசையை ரோபோ கோடாக இழுத்துப் போகும். கதவின் கீழ் விளிம்பில் வெளித்தகடு உள்தகட்டைச் சுற்றி மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள்ளும் பசை இருக்கும். அடித்தரையில் கல் தெறித்தால் தாங்குவதற்குப் பிவிசி பூச்சு. பெட்டிப் பகுதிகளின் உள்ளே மெழுகு. சூட்டில் லேசாக இளகிச் சந்துக்குள் ஊர்ந்து போகிற ஜாதி மெழுகு அது.

தண்ணீர் போக வழி

இவ்வளவு செய்தும் தண்ணீர் உள்ளே வரும். கதவுக் கண்ணாடி மேலும் கீழும் போகிற சந்தில் ரப்பர் இருந்தாலும், ஒவ்வொரு மழையிலும் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். நம்ம செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் மழையை வளவுக்குள் இறங்க விட்டு, முற்றத்துக் குழாய் வழியாகத் தெருவுக்கும் ஊருணிக்கும் அனுப்பினார்களே, கார் வடிவமைப்பாளரின் எண்ணமும் அதுதான்: வருவதைத் தடுக்க முடியாதபோது போகிற வழியைச் சரியாக வை. கதவின் கீழ் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். நீளவாக்கில் இரண்டு மூன்று சின்னச் சந்துகள் தட்டுப்படும். சிலவற்றில் ரப்பர் நாக்கு ஒன்று தொங்கும். தண்ணீரை வெளியே விடும், தூசியை உள்ளே விடாது. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஓடிய வண்டி என்றால் அந்தச் சந்தில் செம்மண் இறுகி அடைத்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் லேசாக நெம்பினால் சிவப்பாகச் சேறு வழியும். கம்பியால் குத்தாதீர்கள், பூச்சு போய்விடும்.

முன்கண்ணாடிக்குக் கீழே கருப்புப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதற்கு அடியிலும் ஒரு வடிகால் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்துகிற வண்டிகளில் இலையும் பூவும் அங்கே போய் மக்கி, வழி அடைத்து, தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் ஏசி காற்று உள்ளே வரும் வழியாக இறங்கிக் காருக்குள் கார்ப்பெட்டை நனைக்கலாம். கார்ப்பெட்டுக்கு அடியில் வயர்க் கட்டுகளும் கனெக்டர்களும் ஓடும். மின்சார காரில் இது வெறும் நாற்றத்தோடு போகிற விஷயம் கிடையாது.

மின்சார காரின் தனிக் கவலைகள்

எடையைக் குறைக்க மின்சார கார்களில் அலுமினியம் அதிகம் சேர்க்கிறார்கள். பல கார்களில் பேட்டரிப் பெட்டியே அலுமினியம். பாடி எஃகு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால், முன்னே சொன்ன குட்டி பேட்டரி இன்னும் பலமாக ஓடும், அலுமினியம் கரையும். எஃகு போல அது செந்நிறமாகத் துருப்பிடிக்காது. வெள்ளைப் பொடி பூக்கும். போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தால் அது வெறும் தூசியா, அரிப்பா என்று பார்த்துவிட வேண்டும். நல்ல வடிவமைப்பில் இரண்டு உலோகமும் நேராகத் தொடாது. நடுவே பசை, பூச்சுக் கொடுத்த வாஷர், சீலர் ஏதாவது இருக்கும். போல்ட்டுகளும் சாதாரண இரும்பு போல்ட்டுகள் அல்ல, துத்தநாகச் செதில் பூச்சு கொடுத்தவை. வழியில் ஒரு போல்ட் தொலைந்தால் கடையில் கிடைத்ததை மாட்டிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 என்று விளம்பரத்தில் போடுவார்கள். 6 என்றால் தூசி அறவே புகாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கினாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு உள்ளே தண்ணீர் போகாது. நல்ல பாதுகாப்பு, சந்தேகமில்லை. அதே சமயம் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அது தேங்கிய தண்ணீரில் முக்கிச் செய்யும் சோதனை. வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு வேறு எண்கள், வேறு சோதனை. அதனால் ஐபி67 இருக்கிறதே என்று ஜெட்டைச் சார்ஜிங் வாயிலும் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளின் கனெக்டரிலும் கிட்டத்தில் வைத்து அடிக்கக் கூடாது. மேலும் அந்தக் காப்பு, பெட்டியின் விளிம்பைச் சுற்றியுள்ள கேஸ்கெட் என்ற அடைப்புப் பட்டையையும் சீலரையும் நம்பி இருக்கிறது. வேகத்தடையில் அடி வாங்கிப் பெட்டி நசுங்கினாலோ, பழுது பார்க்கத் திறந்துவிட்டுப் பழைய கேஸ்கெட்டையே போட்டு மூடினாலோ அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

பேட்டரிப் பெட்டி காற்றே புகாத டப்பாவும் இல்லை. சூடாகும்போது உள்காற்று விரியும், குளிரும்போது சுருங்கும். அதற்காகக் காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு வைத்த சின்ன மூச்சுத்துளை இருக்கும். துரு வராமல் இருக்க வெளிக்கடையில் காரின் அடிப்பாகத்துக்குக் கருப்பு அண்டர்கோட்டிங் அடிக்கிறவர் தெரியாமல் அதன் மேலும் அடித்துவிட்டால், பெட்டி மூச்சு விட முடியாமல் கேஸ்கெட் வழியாக ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும்.

‘இத்தனை வோல்ட் ஓடுகிற வண்டி, பாடியில் மின்சாரம் கசிந்து சீக்கிரம் துருப்பிடிக்காதா?’ என்ற கேள்வியைப் பல பேர் கேட்கிறார்கள். பிடிக்காது. 12 வோல்ட் பேட்டரியின் நெகடிவ் பாடியோடு சேர்ந்திருக்கும். அது பெட்ரோல் காரிலும் அப்படித்தான். உயர் மின்னழுத்த பேட்டரியின் பாசிடிவ், நெகடிவ் இரண்டுமே பாடியைத் தொடுவதில்லை. தொடாமல் இருக்கிறதா என்று கார் தன்னைத்தானே அளந்துகொண்டே இருக்கும். எங்காவது ஈரம் புகுந்து இன்சுலேஷன் என்ற மின்காப்பு குறைந்தால் திரையில் எச்சரிக்கை வரும். மழைக்காலத்தில் இன்சுலேஷன் எச்சரிக்கை வந்து, வெயில் வந்ததும் போய்விட்டால், ‘சரியாகிவிட்டது’ என்று விடாதீர்கள். தண்ணீர் எங்கோ வழி கண்டுபிடித்திருக்கிறது.

பிளக்கில் செருகினால் காருக்குத் துருவே வராது என்று சொல்லி விற்கும் மின்னணுக் கருவிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கப்பலையும் பூமிக்குள் புதைத்த குழாயையும் மின்சாரத்தால் காப்பது நிஜமான தொழில்நுட்பம். அங்கே கடல்நீரோ ஈரமண்ணோ உலோகத்தை முழுக்கச் சூழ்ந்திருக்கிறது, மின்சாரம் சுற்றிவர வழி இருக்கிறது. காற்றில் நிற்கும் காரைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை.

பிரேக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. மின்சார காரில் வேகம் குறைவதில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பேடு டிஸ்க்கை உரசும் சந்தர்ப்பம் குறைவு. உரசாத டிஸ்க்கில் துரு தங்கும். ஒரு ராத்திரி மழைக்குப் பிறகு டிஸ்க்கில் ஆரஞ்சு படலம் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். மாதக் கணக்கில் நின்றால் குழி விழும். ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரத்துக்கு மூடிய டிரம் பிரேக் வைத்ததில் இந்தக் கணக்கும் உண்டு. வாரத்தில் ஒருநாள், ரோடு காலியாக இருக்கும்போது, மோட்டார் பிரேக்கிங்கைக் குறைத்து வைத்துக்கொண்டு நன்றாக அழுத்திப் பிரேக் பிடித்துப் பழக்குங்கள்.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

ஷோரூமில் போன் டார்ச்சைப் போட்டுக் குனியுங்கள். பின் மட்கார்டுக்குள் லைனர் என்ற உள்ளுறை முழுதாக இருக்கிறதா, பாதியோடு நிறுத்திவிட்டார்களா? கதவைத் திறந்து கீழ் மடிப்பில் சீலர் கோடு அறுபடாமல் ஓடுகிறதா? பானெட் அடியில், ஸ்க்ரூ தலைகளில், கதவுக் கீல் போல்ட்டில் இப்போதே செந்நிறம் தெரிகிறதா? டிக்கித் தரை அட்டையைத் தூக்கினால் அடியில் முழுப் பெயிண்டா, சாம்பல் பூச்சோடு விட்டிருக்கிறார்களா? சாம்பல் பூச்சு குறை அல்ல. வெறும் தகடு தெரிந்தால்தான் குறை. பழைய வண்டி என்றால் கட்டாயம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக் மூடிகள் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். காற்றைக் கிழித்துப் போக உதவும் அந்த மூடிகளுக்கு மேல்தான் மண்ணும் ஈரமும் சேர்ந்து உட்காரும். பேட்டரிப் பெட்டியின் விளிம்பு, அதைத் தாங்கும் போல்ட்டுகள், நசுங்கல், வெள்ளைப் பொடி இந்த நான்கையும் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

கடற்கரைப் பயணம் போய் வந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். வேகமான ஜெட் தேவையில்லை, நிறையத் தண்ணீர் ஓடினால் போதும். பூட்டிய வீட்டில் நிறுத்துவதானால் ஈரத்தோடு கவர் போட்டு மூடாதீர்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம், உள்ளே வேர்க்கும். கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வைத்து, காற்றோட்டமுள்ள கொட்டகையில் நிறுத்துங்கள். சார்ஜை அரைவாசி அளவில் விட்டுப் போவது பேட்டரிக்கும் நல்லது. அண்டர்கோட்டிங் அடிக்கச் சொல்லி வற்புறுத்தினால், எந்த ஓட்டையை மூடுவார்கள், ஆரஞ்சு கேபிளையும் மூச்சுத்துளையையும் எப்படி மறைப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மெழுகு செலுத்தப் புதிதாகத் துளை போட வேண்டும் என்று சொன்னால் அப்போதே கிளம்பிவிடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் டிரில் போடும் வேலை அது.

விபத்தில் அடிபட்ட வண்டிதான் எனக்கு உண்மையான கவலை. டிங்கரிங் பார்க்கும்போது வெல்டிங் சூட்டில் துத்தநாகமும் அந்தச் சாம்பல் பூச்சும் எரிந்துபோகும். தொட்டியில் மறுபடி முக்க யாராலும் முடியாது. அதற்குப் பதிலாகத் துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர், எபாக்சி பிரைமர், சந்துக்குச் சீலர், வேலை முடிந்த பிறகு பெட்டிக்குள் மெழுகு என்று நாலு வேலை செய்ய வேண்டும். வெளியே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கும் திறமைசாலிகள் நம்ம ஊரில் ஏராளம். உள்ளே இந்த நாலையும் செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் செய்வதில்லை. எஸ்டிமேட் போடும்போதே சீலர், உட்பெட்டி மெழுகு இரண்டையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் உயர் மின்னழுத்த இணைப்பைப் பயிற்சி பெற்றவர் துண்டித்தாரா என்று கேளுங்கள். பெயிண்ட் பூத்தின் சூட்டைப் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கம்பெனி வரம்பு வைத்திருக்கும், அதைக் கையேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். உள்தகட்டில் பிரைமரும் சீலரும் போட்டதும், வெளித்தகட்டை வைத்து மூடுவதற்கு முன்னால், போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூடிய பிறகு அதை வெளியிலிருந்து பார்க்க வழியே கிடையாது.